இரண்டே அரைக்கால் பேருக்கு எலுமிச்சை ரசம்

2002ஆம் வருஷம் ஜூன் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரிச்சர்ட்ஸ் டவுனில் இளங்கோவன் வீட்டுச் சமையலறையில், இரண்டு பேருக்கு என்றிருந்த எலுமிச்சை ரசம் இரண்டே அரைக்கால் பேருக்கு என்று மாறியிருந்தது. அன்று தக்காளி கிலோ எட்டு ரூபாய். எலுமிச்சை ரூபாய்க்கு இரண்டு. மழை வரும்போல இருந்து வரவில்லை.

அந்தக் குறிப்பு இருந்தது காகிதத்தில் அல்ல. இளங்கோவனின் மனைவி ஜானகி வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, புத்தகம் படிக்கிற மின்கருவி ஒன்றைக் கொண்டுவந்து, படிக்க நேரமில்லை என்று அவளிடம் கொடுத்துவிட்டார். பாடப்புத்தகம் அளவு, செங்கல்லில் பாதி கனம், தொட்டால் பக்கம் திரும்பும். வீட்டில் அதற்குச் சிலேட்டு என்று பெயர். சிலேட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இளங்கோவன் சமையல் குறிப்புகளைத் தன் கையாலேயே வெள்ளைத்தாளில் எழுதி, இன்டர்நெட் சென்டரில் ஸ்கேன் செய்து, படங்களாக அதில் ஏற்றினான். மொத்தம் எழுபத்திரண்டு குறிப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் எத்தனை பேருக்கு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். எண்ணெய் தெறிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரவை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பான்.

சமையல் அவன் பொறுப்பு. பெயின்ட் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்டு, மாலை ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் பி.காம் வகுப்பு, நடுவே கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் இரவுச் சமையலை முடித்துவிட்டு, டைரியில் அன்று என்ன சமைத்தான், எது தவறியது என்று நான்கு வரி எழுதிவிட்டுக் கிளம்புவான். தவறியது என்ற பத்தி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தோமா என்று திரும்பிப் பார்க்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான்.

அதனால் அரைக்காலைக் கண்டதும் சிலேட்டை அவன் சந்தேகிக்கவில்லை, தன்னைத்தான் சந்தேகித்தான். எழுத்து அவனுடையது, அவன் போடுகிற அதே வளைந்த கால், அதே அடிக்கோடு. ஆனால் அரைக்கால் என்றால் எவ்வளவு என்றே அவனுக்குத் தெரியாது. முன்கட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் இராஜமாணிக்கத்திடம் போய்க் கேட்டான். அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற கிறிஸ்தவர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தார்.

"காலில் பாதி தம்பி. எட்டில் ஒண்ணு. எதுக்குக் கேக்குற?"

இளங்கோவன் சொன்னான். இராஜமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டில் ஒரு ஆளா? அப்ப விசேஷம்தான் தம்பி. வாந்தி கீந்தி எடுக்குதா அந்தப் பொண்ணு?"

மறுநாள் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் கோவிந்தப்பாவிடம் நூறு கிராம் பீன்ஸுடன் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்டபோது அவரும் அதையே கேட்டார், கன்னடம் பாதி தமிழ் பாதியாக. இளங்கோவன் ஒரு கிளிமூக்கு மாங்காய் வாங்கிக்கொண்டு போய் ஜானகியின் முன் வைத்தான்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான். சிலேட்டு சொல்லிச்சு."

"எனக்கே தெரியாதது சிலேட்டுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜானகி. பரிசோதனை செய்து பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இருவருமாகத் தின்றார்கள்.

ஆனாலும் எட்டில் ஒரு பங்கை யாரோ சாப்பிட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. இரண்டு பேருக்கு அளந்து வைத்தால் ரசம் பாத்திரத்தில் ஒரு கரண்டி குறைந்தது. அரைக்கால் சேர்த்து வைத்தால் சரியாக இருந்தது. இளங்கோவன் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஓட்டை இல்லை. பிறகு, வேறு வழி தெரியாததால், டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தான். தேதி, சமைத்தது, சிலேட்டு காட்டிய ஆள் கணக்கு. வெள்ளிக்கிழமைக் கணக்கு மட்டும் அவனுக்கு உதைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஜானகிக்கு வெள்ளிக்கிழமை இரவில் பசிக்காது, சோற்றில் கால்வாசியைத் தள்ளி வைத்துவிடுவாள். சிலேட்டு வந்த புதிதிலிருந்து வெள்ளிதோறும் ஒன்றே முக்கால் பேருக்கு என்றுதான் காட்டி வந்தது. அது தன் ஸ்கேன் கோளாறு என்று நினைத்து, வெள்ளிக்கிழமையை அட்டவணையில் சேர்க்காமல் விட்டான்.

ஆகஸ்டு முடியும்போது அரைக்கால் கால் ஆகியிருந்தது. அட்டவணை மூன்று பக்கம் வளர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் பரப்பி வைத்து இருவரும் பார்த்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்புக்குக் காலும் இல்லை, அரைக்காலும் இல்லை. எப்போதும் இரண்டே பேர்தான். முட்டைக்கும் அப்படியே. பூண்டு போட்ட எதற்கும் இரண்டு பேர். எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு இவற்றுக்கெல்லாம் இரண்டே கால். அமாவாசையன்று வெங்காய சாம்பார் வைத்தபோது கால் காணாமல் போயிருந்தது. இவை போக, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, எதைச் சமைத்தாலும் கால் வராத நாள் ஒன்று இருந்தது.

"இந்த நாளெல்லாம் மட்டும் ஏன்னு புரியல. நான்தான் தப்பா எழுதியிருப்பேன்" என்றான் இளங்கோவன்.

ஜானகி எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தேதிகளை ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தாள். 

"தப்பில்ல. எல்லாம் ஏகாதசி" என்றாள். "அப்பா ஏகாதசிக்குச் சாப்பிடமாட்டார்."

அவளுடைய அப்பா வெங்கடராமன் மல்லேஸ்வரத்தில் இருந்தார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. 1998இல் ஜானகி பதிவாளர் அலுவலகத்தில் இளங்கோவனைக் கல்யாணம் செய்துகொண்டபோது, அவன் சாதியைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த வீட்டில் தன் கை நனையாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனவர். மல்லேஸ்வரத்துக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் நடுவே ஆட்டோவில் இருபது நிமிஷம். நாலு வருஷத்தில் அவர் அந்த இருபது நிமிஷத்தைக் கடக்கவில்லை. மகள் பெயரையும் எடுக்கவில்லை. அம்மா அம்புஜம் மட்டும் பகலில் ஜானகியின் ஆபீசுக்கு போன் செய்வாள்.

அடுத்த போனில் விஷயம் உறுதியானது. "அதை ஏன் கேக்கற" என்றாள் அம்புஜம். "ரெண்டு மாசமா தட்டுல கால்வாசியை வெச்சுடறார். வயிறு நிறைஞ்சுடுத்துங்கறார். டாக்டர் எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டார். நேத்து ஆத்துல வெறும் பருப்புத் துவையல்தான் பண்ணினேன், அவர் ஏப்பத்துல எலுமிச்சம்பழ வாசனை வரதுடி."

ஜானகி அதை வீட்டில் வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்று முதல் மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் சமையலறைக்குப் போய் சிலேட்டைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. இளங்கோவன் அதைக் கவனித்தான். கறியும் முட்டையும் ஞாயிற்றுக்கிழமையோடு சரி என்று வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் பூண்டைத் தொடாமல் சமைத்தான். தீபாவளியின்போது சிலேட்டு இரண்டரை காட்டியது. ஜானகி அன்று மூன்றாவது தட்டு ஒன்று வாங்கி வந்து கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தத் தட்டுதான் இளங்கோவனைக் கெடுத்தது. இன்னும் பாதிதானே என்று தோன்றிவிட்டது. எதையும் இரண்டு முறை யோசிக்கிறவன், இதை ஒரு முறைகூட யோசிக்காமல், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் பரிசோதனைக் கூடத்து போனிலிருந்து மல்லேஸ்வரத்துக்குப் பேசினான்.

"சார், நான் இளங்கோவன். ஜானகி வீட்டுக்காரன். நீங்க தினமும் பாதிச் சாப்பாடு எங்க வீட்டுலதான் சாப்பிடறீங்க. மீதியையும் வந்து சாப்பிட்டுடுங்களேன் சார்."

 எதிர்முனையில் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. அன்று மாலை மோர்க்குழம்பு இரண்டே வீசம் பேருக்கு என்றிருந்தது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று இராஜமாணிக்கம் சொன்னார். "சாப்பிடுறவன் கிட்டப் போய், சாப்பிடுறேன்னு ஒத்துக்கோன்னா எவன்பா ஒத்துக்குவான்?" என்றும் சொன்னார்.

ஜானகி சிலேட்டைப் பார்த்தாள். திட்டவில்லை. மூன்றாவது தட்டை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அன்றைய டைரியில் தவறியது என்ற பத்தியில் அவன் எழுதியது ஒரே சொல்: நான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் சமைத்ததுதான். பதினாறில் ஒரு பங்கை அளப்பது லேசில்லை. பரிசோதனைக் கூடத்தில் உடைந்துபோனது என்று ஒதுக்கியிருந்த கண்ணாடி அளவுக்குழாயை நன்றாகக் கழுவிக் கொண்டுவந்து, புளித்தண்ணீரை அதில் அளந்தான். மார்கழி பிறந்தது. குளிரில் எண்ணெய் உறைந்தது. பரீட்சை வந்தது, வணிகச் சட்டத்தில் தேறமாட்டோம் என்று நினைத்துக்கொண்டே தேறினான். ஒரு நாள்கூட வீசத்தை விட்டுவிட்டுச் சமைக்கவில்லை. அது அரைக்கால் ஆனது, டிசம்பர் நடுவில் கால் ஆனது, பொங்கலுக்கு அரை ஆனது. தட்டு பரண்மேலேயே இருந்தது. அம்புஜம் போனில் மகளிடம் ரசப்பொடிக்குத் தனியா எத்தனை பங்கு என்று கேட்டாள். வெங்கடராமன் அவள் வைக்கிற ரசத்தைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

2003 பிப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், இளங்கோவன் சிவாஜிநகரிலிருந்து அரைக் கிலோ கறி வாங்கி வந்து, சிலேட்டில் ஆட்டுக்கறிக் குழம்பைத் திறந்தான். பக்கம் தானாகத் திரும்பி எலுமிச்சை ரசத்தில் நின்றது. மறுபடி திறந்தான். மறுபடி ரசம். இரண்டே முக்கால் பேருக்கு. தான்தான் தவறாகத் தொடுகிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை தொட்டபோது, ஜானகி பின்னால் வந்து நின்றாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் இருந்த தட்டை எடுத்தாள். கறியை முன்கட்டுக்குக் கொண்டுபோய் இராஜமாணிக்கத்திடம் கொடுத்து, குழம்பு வைத்துப் பாதியை மாலையில் தரும்படி சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. வெங்கடராமன் கையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். வீட்டைக் கண்டுபிடிப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. எந்தக் கதவு சமையலறைக்குப் போகிறது என்பதும் தெரிந்திருந்தது. மகளைப் பார்த்து, "இளைச்சுட்டே" என்றார். பிறகு இளங்கோவன் பக்கம் திரும்பினார்.

"டிசம்பர் பதினேழாம் தேதி ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி."

இளங்கோவன் அலமாரியிலிருந்து டைரியை எடுத்துப் பார்த்தான். டிசம்பர் பதினேழு, தவறியது: பெருங்காயம் கை மீறிவிட்டது. "ஆமா சார்" என்றான். தன் டைரியில் எழுதியது சரி என்று இன்னொருவர் சொல்லி அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. பெருங்காயம் கை மீறிய வருத்தத்தைவிட அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்கட்டிலிருந்து மசாலா வதங்குகிற மணம் வந்தது. வெங்கடராமன் கை ஒரு கணம் நின்றது.

"என்ன வாசனை அது?"

"எங்களோடதுதாம்பா. ஞாயித்துக்கிழமை நாங்க சாப்பிடுவோம்" என்றாள் ஜானகி.

"ம்" என்றார் வெங்கடராமன். "ரசம் இன்னும் கொஞ்சம் விடு."

அவர் எழுந்தபோது தட்டில் கால்வாசிச் சோறு மிச்சம் இருந்தது. இளங்கோவன் சமையலறைக்குப் போய் சிலேட்டைப் பார்த்தான். ஆள் முழுசாக வந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகும் அது இரண்டே முக்கால் என்றே காட்டியது. இன்னும் என்ன தவறு செய்தோம் என்று அவன் நின்றுகொண்டிருந்தபோது ஜானகி வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாவுல கால்வாசி அம்மாகிட்டயே இருக்கார். விடு" என்றாள்.

அது அப்படித்தான் என்று மறுநாள் அம்புஜம் போனில் சொன்னாள். அவர் இல்லாத வேளையில் பழக்க தோஷத்தில் அவர் தட்டில் ஒரு பிடி சோறு போட்டு வைத்தாளாம்; மோர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் தட்டு காலியாகியிருந்ததாம். அவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. நீ போனதிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி உனக்கும்தானே ஒரு பிடி வடிக்கிறேன், அதுவும் மிச்சமானதே இல்லை என்றாள். இளங்கோவன் அன்று மாலை பழைய டைரிகளை எடுத்து, விட்டுப்போன வெள்ளிக்கிழமைகளை எல்லாம் அட்டவணையில் சேர்த்தான். கணக்கு ஒரு இடத்தில்கூட உதைக்கவில்லை.

வெங்கடராமன் அதன்பின் மாதம் ஒரு முறை நேரில் வந்தார். மற்ற நாட்களில் மல்லேஸ்வரத்தில் இருந்தபடியே சாப்பிட்டார். இளங்கோவனை மாப்பிள்ளை என்று கூப்பிட இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. சிலேட்டின் பாட்டரி 2007இல் போனது. எழுபத்திரண்டு பக்கங்களையும் வேறொரு கருவிக்கு மாற்றியபோது கணக்கும் கூடவே வந்தது. இளங்கோவன் பி.காம் முடித்தான், டைரியில் தவறியது என்ற பத்தியைச் சின்னதாக்கினான், கோடு மட்டும் அப்படியே இருந்தது. கோவிந்தப்பா கேள்வி கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். தள்ளுவண்டியை வாசலில் நிறுத்தி, "இவத்து சுக்ரவாரா அல்வா, வெள்ளிக்கிழமைன்னா அம்மாவுக்குக் கால் கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பீன்ஸை இரண்டரைப் பேருக்கு நிறுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.