ரோஸ் நிறக் குதிரையில் ஒரு சிந்தனையாளர்

மனித குலத்தின் வீழ்ச்சி எங்கே தொடங்கியது என்று அறிஞர்கள் வெகு காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போரில் என்கிறார்கள், பேராசையில் என்கிறார்கள். நான் கண்டுபிடித்துவிட்டேன். முதன்முதலில் ஒருவன் குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து, கீழே நின்ற தன் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தானே, அந்த நொடியில்தான் எல்லாம் கெட்டது. யோசித்துப் பாருங்கள். அவன் எங்கேயும் போகவில்லை. ஒரு வட்டம் அடித்து அதே இடத்துக்குத்தான் வரப்போகிறான். வந்ததும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவனைப் போல மறுபடியும் கையசைக்கிறான். கீழே நிற்பவர்களும் சளைக்காமல் பதிலுக்கு அசைக்கிறார்கள், இத்தனை நாள் எங்கேப்பா போயிருந்தாய் என்பது மாதிரி.

இதைக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினேன். 'கையசைப்போர்: ஒரு நோயின் வரலாறு' என்று தலைப்பு. பெரிய வரவேற்பு. அதாவது, யாரும் கிழிக்கவில்லை. என் வாழ்நாளில் ஒருமுறைகூட ராட்டினத்திலிருந்து கையசைத்ததில்லை என்று கடைசிப் பத்தியில் அறிவித்திருந்தேன். அந்தப் பத்தியை எழுதிய பேனா, அப்போது போட்டிருந்த சட்டை, படித்துக்கொண்டிருந்த கல்லூரி எல்லாமே ஒரு குதிரை ராட்டினத்தின் புண்ணியத்தில் கிடைத்தவை என்ற விவரத்தை மட்டும் இடம் போதாத காரணத்தால் விட்டுவிட்டேன். என் அப்பா கேளிக்கைப் பூங்காவில் குதிரை ராட்டினம் ஓட்டுகிறவர்.

கட்டுரை சுவரில் இருந்தபோதே 'ஓட்டுகிறவர்' என்பதை 'ஓட்டியவர்' என்று மாற்ற வேண்டிவந்தது. பூங்காவை மூடிவிட்டார்கள்.

ஒரு கேளிக்கைப் பூங்காவை மூடினால் அதற்குள் இருப்பதெல்லாம் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. கை வேறு கால் வேறாகப் பிரிந்து ஊருக்குள் போய் ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிக்கொள்ளும். பேய் வீட்டு எலும்புக்கூடு ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் நடத்துகிறது; பிள்ளைகள் முன்பைவிட இப்போதுதான் அதிகம் பயப்படுகிறார்கள். தண்ணீர்ச் சறுக்குக் குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து ஒருவர் மாட்டுத் தொட்டியாகப் போட்டுவிட்டார். மோதி விளையாடும் கார்களில் ஒன்று எங்கள் தெரு சலூனில் குழந்தைகளுக்கு முடிவெட்டும் நாற்காலி. ரோலர் கோஸ்டரை மட்டும் யாரும் வாழவைக்கவில்லை. பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வந்தார். அத்தனை பேரை அலறவைத்த அந்த ராட்சசன் சத்தமே இல்லாமல் லாரியில் ஏறிப் போனான்.

எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்தது. ஆளை ஒல்லியாகக் காட்டுகிற வளைந்த கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அம்மா அதைக் கூடத்தில் மாட்டினாள். அன்றிலிருந்து வேறு கண்ணாடிகளை அவள் நம்புவதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பெரியப்பா தலை சீவ எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்.

கடைசியில் மிஞ்சியது குதிரை ராட்டினம். அதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அதே பழைய இரும்புக்காரர். "நடுத்தூணும் சட்டமும்தான் எனக்கு. குதிரையெல்லாம் ஃபைபர். அதை உடைச்சு ஓரமாப் போட்டுட்டுப் போயிடுவேன்" என்று நல்ல மனதோடு சொன்னார். இன்னொருவர், ஊர் ஊராகக் கண்காட்சி போடுகிற ஒரு பெண்மணி. பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் 'பொருட்காட்சி அக்கா'. அவர் எடுத்தால் ராட்டினம் முழுதாகப் போகும். அதை ஓட்ட அப்பாவும் கூடப் போவார், ஊருக்கு ஊர், சம்பளத்தோடு. எடுக்காவிட்டால் குதிரைகள் உடையும். அப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரப் போவார். அந்த வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். சீருடைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அளவு கொடுத்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பொருட்காட்சி அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் இயந்திரத்தைப் பார்த்து வாங்குவதில்லை.

"மோட்டார்னா ஓடத்தான் அண்ணே செய்யும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். "ஏறினவங்க மூஞ்சி எப்படி இருக்கு, அதைத்தான் நான் பார்ப்பேன். நாளைக்கு ஆள் ஏத்தி ஓட்டிக் காட்டுங்க."

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "ராட்டினம் நிறைய ஆள் வேணும். சந்தோஷமா இருக்கிற ஆளா வேணும்."

அம்மா கவலையோடு கேட்டாள்: "நம்ம சொந்தத்துலயா?"

அன்று சாயங்காலமே கூடத்தில் ஒத்திகை ஆரம்பமானது. இயக்கம், என் தங்கை. சொந்தமும் அக்கம்பக்கமும் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்து, மேலும் கீழும் எழும்பி எழும்பிச் சிரித்தார்கள்.

"பெரியப்பா, இது சிரிப்பா? பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு."

"எனக்கு இப்படித்தாம்மா வரும். என் கல்யாண போட்டோவிலயும் இப்படித்தான்."

"அதான் பெரியம்மா அந்த ஆல்பத்தைப் பூட்டியே வச்சிருக்காங்க."

நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, சமூகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ராட்டினத்தில் ஏறுவது எனக்குக் கொள்கை ரீதியாக உடன்பாடில்லை என்று தெரிவித்தேன்.

"அப்பா, இவனைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள் தங்கை. "இவன் மூஞ்சியைப் பார்த்தா பழைய இரும்புக்காரரே எடையில கழிச்சிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அன்றைய ஒத்திகையில் உருப்படியாக வந்த ஒரே சிரிப்பு.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அவன் வர வேண்டாம்மா. படிக்கிற பிள்ளை, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை.

அழைக்காத இடத்துக்குப் போகக் கூடாது என்ற கொள்கையும் எனக்கு உண்டு. எனவே மறுநாள் பார்வையாளனாக மட்டும் போனேன்.

பூங்காவில் ஒன்றும் இல்லை. ஆனால் அம்புக்குறிப் பலகைகள் மட்டும் இருந்தன. 'பேய் வீடு' என்ற அம்பு ஒரு புதரைக் காட்டியது. ராட்சத ராட்டினம் நின்ற இடத்தில் சிமெண்ட் மேடையும், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளும். டிக்கெட் கவுன்டரில் கண்ணாடி போய், கை நுழைக்கும் ஓட்டை மட்டும் பலகையில் பத்திரமாக இருந்தது. நடுவில் குதிரை ராட்டினம். அப்பா குதிரைகளைக் குளிப்பாட்டியிருந்தார். பழைய இரும்புக்காரர் தன் கேஸ் சிலிண்டரின் மேலேயே உட்கார்ந்து, "நீங்க ஓட்டுங்கண்ணே. தேறலைன்னா நான் இருக்கேன்" என்று ஆறுதல் சொன்னார்.

பொருட்காட்சி அக்கா வந்தார். ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்பா லிவரைத் தள்ளினார்.

எங்கள் சொந்தக்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அதை எப்படிச் சொல்வது? அக்காவுக்குத் தங்கள் சந்தோஷம் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொருவரும் அவரையே பார்த்துச் சிரித்தார்கள். ராட்டினம் ஒரு பக்கம் சுற்ற, தலைகள் எதிர்ப்பக்கம் திரும்பின. அம்மாவின் கழுத்து எங்கே போய் நிற்குமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பெரியப்பா பல்லைக் காட்டியபடி ஒரு கறுப்புக் குதிரையில் தோன்றி மறைந்துகொண்டிருந்தார். அவர் வருகிற பக்கம் ராட்டினம் லேசாகச் சாய்ந்து 'டக்' என்றது. மறுபடி வந்தார், மறுபடி 'டக்'.

அக்கா கையைத் தூக்க, அப்பா நிறுத்தினார்.

"என்ன அண்ணே, எல்லாரும் பற்பசை விளம்பரத்துக்கு வந்தவங்க மாதிரி இருக்காங்க?"

"கொஞ்சம் கூச்சப்படுறாங்கம்மா."

"ஒரு பக்கம் சாயுது வேற."

"அது… அண்ணன் கொஞ்சம் கனம். எதிர்ப்பக்கம் ஒரு குதிரை காலியா இருக்கு. அங்க ஒரு ஆள் உட்கார்ந்தா சரியாயிடும்."

சிலிண்டர் மேல் இருந்தவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அப்பா ஆள் தேடினார். டிக்கெட் கவுன்டரைப் பார்த்தார். புதரைப் பார்த்தார். பேய் வீட்டு அம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் நின்றது அவருக்கும் அந்த அம்புக்கும் நடுவில். என்னைப் பார்க்காமல் அதைப் பார்ப்பதற்கு அவர் நிறையவே சிரமப்பட வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான் ஏறுறேன்ப்பா" என்றேன். "எடைக்குத்தான்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

காலியாக இருந்த குதிரை ரோஸ் நிறம். அதற்கு நீளமான இமை மயிர்களை யாரோ அக்கறையோடு வரைந்திருந்தார்கள். கழுத்தில் மஞ்சள் பூக்கள் வேறு. சிறு பிள்ளைகளுக்காகச் செய்த சேணத்தில், முழங்கால்கள் காதருகே வர, ஒரு சிந்தனையாளர் ஏறி அமர்ந்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குக் குழப்பமே இல்லை. என்னிடம் இருப்பது ஒரே முகம். இரங்கல் கூட்டத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் அதையேதான் கொண்டுபோவேன்.

ராட்டினம் புறப்பட்டது. 'டக்' இல்லை. குதிரை மேலே போனது, கீழே வந்தது. நான் கண் இமைக்காமல் எதிரே பார்த்தபடி முதல் சுற்றை முடித்தபோது, பழைய இரும்புக்காரரிடமிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. இரண்டாவது சுற்றில் அது வெடித்தது.

"ஐயோ, வர்றார் பாருங்க! ரெய்டுக்கு வர்ற ஆபீசர் மாதிரி வர்றார் பாருங்க!"

நான் போனேன். குதிரை குதித்தது. திரும்பி வந்தேன்.

"மறுபடி வந்துட்டார்! ஐயா, கணக்கெல்லாம் சரியா இருக்குங்கய்யா, விட்டுடுங்கய்யா!"

முன் குதிரையில் இருந்த தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். கம்பத்தைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவிச் சிரித்தாள். அவளைப் பார்த்து அம்மா. அம்மாவைப் பார்த்து மற்றவர்கள். எதிர்ப்பக்கத்தில் பெரியப்பாவிடமிருந்து, இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ, வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. அவருடைய கறுப்புக் குதிரையே ஆடியது. யாருக்கும் இப்போது பொருட்காட்சி அக்காவின் ஞாபகம் இல்லை. அவரும் யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை. மடக்கு நாற்காலி மடங்கிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் என் முகத்தில் அது தெரியாது என்பதால், நிலைமை இன்னும் மோசமானது.

நிறுத்தியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அந்தத் தம்பி நடிக்கிறாரா?"

"இல்லம்மா. என் பையன். அவன் மூஞ்சியே அதான்."

"நாளைக்கு லாரி அனுப்புறேன். கழட்டி ஏத்துங்க, நீங்களும் ஏறிடுங்க." பிறகு என்னை ஒருமுறை ஆசையோடு பார்த்தார். "தம்பியும் வருவாரா? ரோஸ் குதிரையில சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"அவன் படிக்கிறான்மா" என்றார் அப்பா. இந்த முறை அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டது.

பழைய இரும்புக்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டே போய், வண்டியில் ஏற்றுவதற்குள் இரண்டு தடவை நின்று சிரித்தார். சொந்தக்காரர்கள் இறங்கி அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் சிரிப்பினால்தான் காரியம் முடிந்தது என்று அவருக்கு விளக்கினார்கள்.

நான் இறங்கவில்லை. ராட்டினத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அப்பா பக்கத்தில் வந்தார். "என்னடா, இறங்கலையா?"

"கால் மாட்டிக்கிச்சுப்பா."

குனிந்து பார்த்தார். கால் எங்கேயும் மாட்டியிருக்கவில்லை. மாட்டுவதற்கு அந்தக் குதிரையில் இடமும் இல்லை. அப்பா நிமிர்ந்து, திரும்பிப் போய் லிவரைத் தள்ளினார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். கேலி செய்ய ஆள் இல்லாததால் இயந்திரத்தின் சத்தம் நன்றாகக் கேட்டது. புதர் போனது, கவுன்டர் போனது, அப்பா வந்தார். மோட்டார் பக்கம் காதைச் சாய்த்து நின்றார், சட்டை முதுகில் வியர்வை. போனார். நாளை மறுநாள் வேறு ஏதோ ஊரில், வேறு யாருடைய பிள்ளைகளையோ சுற்றவிட்டுக்கொண்டு இதே மாதிரி நிற்பார். எப்போது வீட்டுக்கு வருவார் என்று அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி புதர். மறுபடி கவுன்டர். முடியைச் சரிசெய்வதற்காகத்தான் கையைத் தூக்கினேன். அது முடியைத் தாண்டிப் போய்விட்டது.

அப்பா பார்த்துவிட்டார். அவசரமாக வலது கையைத் தோளில் கிடந்த கிரீஸ் துணியில் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் நான் கடந்து போய்விட்டேன்.

அதனால் அடுத்த சுற்றிலும் அசைக்க வேண்டியதாயிற்று.