பதினோராவது குண்டு

ரொவீனாவின் டீசல் பிக்கப் வண்டிக்கு வயது இருபத்தெட்டு. எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் செப்டம்பரில் கைவிரித்துவிட்டது. பெடலை மிதித்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

அக்காள் கணவர் வெர்லினுக்கு அந்த எஞ்சின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் எந்த வழக்கும் நெல்டாவின் காபிக் கடையில்தான் தீரும். காலையில் தோல் குவளையில் பகடை உருட்டி, தோற்றவர் எல்லோருக்கும் காபி வாங்குவார். அங்கேதான் வெர்லின், கியர்பாக்ஸைப் பிரிப்பவர்கள் எல்லோரும் திரும்ப மாட்டிவிடுவதில்லை என்று பொதுவாக யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். நானே மாட்டுகிறேன் என்றாள் ரொவீனா. பேச்சு வளர்ந்து பந்தயத்தில் போய் நின்றது. அடுத்த வாரச் சனிக்கிழமை நண்பகலுக்குள் கன்றுகள் ஏற்றிய டிரெய்லரோடு வண்டி கடையைத் தாண்டிப் போனால், குளிர்காலம் முழுக்க அவள் தொழுவத்தில் வெர்லின் சாணி அள்ள வேண்டும். போகாவிட்டால் வண்டி அவருக்கு. அப்புறம் ஒவ்வொரு சந்தைக்கும் அவள் அத்தானிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

பத்து நாள் கொட்டகையே கதி என்று கிடந்தாள். கருகிப்போன கிளட்சுத் தட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியவை வைத்தாள். சீல்களை மாற்றினாள். கழற்றியதையெல்லாம் கேக் சுடும் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக வரிசையாக வைத்தாள். எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் எஃகுக் குண்டுகள் மொத்தம் பத்து, பட்டாணி அளவுதான். மாட்டும்போது உருண்டு ஓடாமலிருக்க ஒவ்வொன்றையும் வாஸ்லின் களிம்பு தடவி அதனதன் குழியில் ஒட்டவைத்தாள். வியாழன் மாலை கியர்பாக்ஸை வண்டிக்கு அடியில் ஏற்றி, கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்தவள் குழித்தட்டைப் பார்த்தாள். நேற்றுக் காலியாக இருந்த தட்டில் ஒரு எஃகுக் குண்டு.

ஒரு குண்டு விடுபட்டாலும் கியர் சரியாக விழாது. மறுபடி இறக்கிப் பிரித்தால் நாளை நண்பகலுக்குள் முடியாது. குண்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். விரலில் வாஸ்லின் ஒட்டவில்லை. கறுப்பு கிரீஸ் ஒட்டியது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. ரிப்பேர் புத்தகம் பத்து என்றது. புத்தகமும் தப்பாக இருக்கலாமே.

பழைய இரும்பு போடும் பீப்பாய்க்குள் தலையை விட்டுத் துழாவினாள். மாற்றிப்போட்ட பழைய தகடு அடியில் கிடந்தது. குண்டுகள் அதன்மேல்தான் இருபத்தெட்டு வருடமாக முட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குண்டு முட்டிய இடத்திலெல்லாம் பளபளப்பாக ஒரு வளையம் தேய்ந்திருந்தது. இரண்டு தடவை எண்ணினாள். பத்தே வளையம்தான்.

இந்த ஊரில் அந்தக் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்கத் தெரிந்தவர் அவளைத் தவிர ஒருவர்தான்.

அவர் பத்து மணிக்கு வந்தார். சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்றார். ரொவீனா அழுதவள்போலச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு குண்டு மிஞ்சிப்போச்சு அத்தான்."

"அடடா," என்றார் வெர்லின். வாய் ஓரம் துடித்ததைத் தொப்பியால் மறைத்தார். "எல்லாருக்கும் நடக்கறதுதாம்மா. மனச விட்ராத. சாவிய மட்டும் எங்க வெச்சிருக்கன்னு சொல்லிடு."

நாளைக்குக் கடையிலேயே தருகிறேன் என்றாள்.

அவர் நேராகக் கடைக்குப் போனார். ரொவீனாவுக்காக ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தம் தாங்காமல், அந்த வண்டி மட்டும் நகர்ந்தால் நெல்டாவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நானே உங்கள் எல்லோருக்கும் பரிமாறுவேன் என்றும் சொல்லிவைத்தார். நெல்டா அதை உடனே ரொவீனாவுக்குப் போனில் சொன்னாள். நாளைக்கு ஏப்ரனைத் துவைத்து வை என்றாள் ரொவீனா.

சனிக்கிழமை பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கடையில் எல்லோர் முன்னாலும் கிண்ணத்தில் சில்லி எனும் காரமான பீன்ஸ் குழம்பு, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். வெர்லின் சாவிக்காகக் காத்திருந்தார். அப்போது தெருமுனையில் கன்றுகள் கத்தின.

பாரம் ஏற்றி அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. முதல் கியர் பிடித்தது. இரண்டாவது கொஞ்சம் தயங்கியது, பிறகு அதுவும் பிடித்தது. கடை ஜன்னலில் பகடைக் கூட்டம் மொத்தமும் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. நெல்டா கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"நிறுத்திட்டு உள்ள வாடி. அத்தான் பரிமாறறாரு, வந்து சாப்பிடு."

ரொவீனா ராணி மாதிரி கையை மட்டும் அசைத்துவிட்டு நேராகச் சந்தைப் பக்கம் போனாள். என்ன திமிர் பார் என்றார்கள் உள்ளே.

திமிரெல்லாம் இல்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று அவளுக்கே அத்தனை நிச்சயமாகத் தெரியவில்லை.