கிழங்கு லொறி எல்லையில் நிற்கிறது

லொறி எல்லையில் நின்றுபோன சங்கதி ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்தது. ஹனோவரில் மூன்றாம் மாடி வீட்டுக் குசினி. உருத்திரமூர்த்தி இடியப்பத்தைச் சொதியில் குழைத்து முதல் வாய் வைக்கப்போக, மேசையில் கிடந்த போன் உறுமியது. நிக்கராகுவாவில் இருந்து லொறிக்காரன் வில்மரின் குரல் செய்தி. பின்னால் எக்கச்சக்கமான எஞ்சின்கள் இரைய, முன்னால் ஒரு மனிசன் கொட்டாவி விட்டுவிட்டு ஸ்பானிய மொழியில் கதைத்தான்.

“பிள்ளை, என்னவாம்?”

மகள் பிரபாலினி பான் நகரில் இருந்து வார விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. மத்திய அமெரிக்க நாடுகளின் வீதியும் பாலமும் துறைமுகமும் எந்த நிலைமையில் இருக்கின்றன, ஒரு சாமான் தோட்டத்தில் இருந்து கப்பல் ஏற எவ்வளவு இழுபடுகிறது என்றெல்லாம் அறிக்கை எழுதுவாள். ஸ்பானிய மொழி அவளுக்குத் தண்ணீர் மாதிரி.

“கொஸ்தாரிக்கா எல்லையில வரிசையாம் அப்பா. வெள்ளி இரவு வந்து நிண்டவராம். இப்ப அங்க நடுச்சாமம், இன்னும் கேற் கண்ணுக்குத் தெரியேல்லையாம். சனி ஞாயிறிலை சுங்கத்தில ஆள் குறைவு.”

உருத்திரமூர்த்தி குழைத்ததைத் திரும்பக் கோப்பையில் போட்டார்.

புஸ்பவதி அடுப்படியில் நின்று அவர் கையைத்தான் பார்த்தாள். வலக்கை நெஞ்சு உயரத்துக்கு மேலே எழும்பாது. இரும்பு வார்க்கிற பாக்டரியில் இருபத்தைந்து வருசம் அச்சுப்பெட்டி தூக்கித் தூக்கி அந்தத் தோள் தேய்ந்துபோனது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனித் தூக்கினால் வெட்டித்தான் பார்க்க வேணும் என்றார். இந்த மனிசன் அதற்கும் “பரவாயில்லை, பழகிட்டுது” என்று சிரித்துவிட்டு வந்தவர். சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு இந்த மரவள்ளிக் கிழங்கு யாபாரத்தில் இறங்கியதே அவள் அரித்த அரியண்டம் தாங்காமல்தான். பாக்டரியில் அவருக்கு மேலாள், மைஸ்டர் குறூகர், நல்ல மனிசன். ஆனால் அவரும் ஒரு கெடு வைத்திருந்தார்: செவ்வாய் மத்தியானம் போன் எடுப்பன், வாறியா இல்லையா எண்டு சொல்லு, வராட்டி உன்ர இடத்துக்கு வேற ஆள்.

கப்பலும் அதே செவ்வாய்தான். கொஸ்தாரிக்காவின் துறைமுகத்துக்குக் கொன்டெய்னர் செவ்வாய்க்குள் போய்ச் சேர்ந்தால் கிழங்கு கடலில். இல்லாவிட்டால் இன்னுமொரு கிழமை வெயிலில் கிடந்து, ஹம்பூர்க்கில் திறக்கும்போது உள்ளெல்லாம் கறுப்பு நரம்போடு இருக்கும். கிழங்கு பழுதானால் மனிசன் பாக்டரிக்குத் திரும்பிப் போவார். வேறு போக்கு இல்லை.

“நிக்கராகுவாக் கிழங்கு ஏன் கொஸ்தாரிக்காவால போகுது?” புஸ்பவதி இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். ஒருக்காலும் நம்ப முடியவில்லை. “அங்கையும் கடல் கிடக்குத்தானே?”

“கடல் கிடக்கு அம்மா. ஐரோப்பாவுக்கு வாற பெரிய கப்பல் கட்டிறதுக்கு அந்தப் பக்கத்தில துறைமுகம்தான் இல்லை. அதாலை கொன்டெய்னர் எல்லாம் பக்கத்து நாட்டுக்கு ஓடவேணும். ஒரேயொரு றோட்டு, ஒரேயொரு எல்லை. இதைப் பற்றி நான் ஒரு முழு அத்தியாயம் எழுதினனான். அப்பாதான் என்ர அறிக்கையை வாசிச்சிட்டு யாபாரத்துக்கு இறங்கினவர்.”

“நான் கிழங்கு விளையிற பக்கத்தை மட்டும்தான் வாசிச்சனான்,” என்றார் உருத்திரமூர்த்தி.

பிரபாலினிக்குச் சிரிப்பு வந்தது. புஸ்பவதிக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சிரிக்கிற நிலைமை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமையே புறப்பட்டிருக்க வேண்டிய லொறி. அன்றைக்கு அட்டமி. முதல் சாமானை அட்டமியில் அனுப்புவார்களோ என்று மனிசன் நிறுத்திவிட்டார். அடுத்த நாள் நவமி. வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிய வெளிக்கிடட்டும், பன்னிரண்டுக்குப் பிறகு என்று நிக்கராகுவா லொறிக் கொம்பனிப் பெண்ணுக்கு எழுதினார். அவள் பாவம், பணிவாகத் திருப்பிக் கேட்டாள்: எந்த நாட்டுப் பன்னிரண்டு, ஐயா? ஜேர்மனியில் பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே விடியக்கூட இல்லை. உருத்திரமூர்த்தி அதை யோசித்திருக்கவில்லை. கோயிலில் தந்த கலண்டரையும் கையுமாகக் குசினிக்குள் நடந்து திரிந்துவிட்டு, “இரண்டு பன்னிரண்டும் கழியட்டும்” என்று பதில் போட்டார். நிக்கராகுவாவின் மத்தியான வெயிலில் புறப்பட்ட லொறி நேரே வார இறுதி வரிசையில் போய்ச் சொருகிக்கொண்டது.

“திரும்பிப் போகச் சொல்லு பிள்ளை,” என்றார். “தோட்டத்துக்கே கொண்டுபோகட்டும். குளிரறையில வைச்சு அடுத்த கப்பலுக்குப் பாப்பம்.”

“அடுத்த கப்பலுக்கும் இதே வரிசைதான் அப்பா.”

“அப்ப என்னதான் செய்யிறது? செவ்வாய்க்கிழமை குறூகருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போறன். விட்டுத்தள்ளு.”

எதையும் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் புஸ்பவதிக்குப் பொறுக்கவில்லை. கத்துகிற மனிசன் என்றால் பதிலுக்குக் கத்தலாம். இவர் தோளைத் தடவிக்கொண்டு இடியப்பக் கோப்பையைப் பார்த்தார்.

“பிரபா, நான் ஒண்டு கேக்கிறன், சொல்லிவிடு,” என்றாள். “அந்தப் பெடியன் சாப்பிட்டவனோ?”

“அம்மா, அவருக்கு ஐம்பது வயசு இருக்கும்.”

“ஐம்பது வயசில பசிக்காதோ? கேள்.”

பிரபாலினி போனுக்குள் கதைத்தாள். பிறகு வில்மரின் குரல் வந்தது. இந்த முறை கொட்டாவி இல்லை, ஒரு சிரிப்பு.

“சாப்பிட்டவராம். வரிசையிலை வந்து சோறும் பயறும் விக்கிறாவாம் ஒரு மனிசி. தனக்குப் பசியில்லை, உங்கட கிழங்குக்குக் குளிர் குடுக்கிற மெசினுக்குத்தான் பசியாம். டீசல் அடியில வந்திட்டுது, விடியுமட்டும் தாங்கினாக் காணும் எண்டு சொல்றார்.”

உருத்திரமூர்த்தி எழும்பிவிட்டார். “அதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“கேட்டனீங்களோ?” என்றாள் புஸ்பவதி. “மற்ற லொறிக்காரர் டீசலுக்கு என்ன செய்யினமாம்?”

பதில் வந்தது. மோட்டார் சைக்கிளில் டீசல் கான் கட்டிக்கொண்டு ஒருத்தன் வரிசை நெடுகக் கூவிக்கொண்டு திரிகிறானாம். எல்லாரும் அவனிடம்தான் வாங்குகிறார்களாம். வில்மரின் கதவையும் இரண்டு தரம் தட்டினவனாம்.

“இவர் வேண்டேல்லையோ?”

பிரபாலினி அப்பாவைப் பார்த்தாள். சொல்லச் சங்கடப்பட்டாள். “அவன் வாங்கின காசுக்குக் குவிட்டுங் தரமாட்டானாம். குவிட்டுங் இல்லாமல் ஒரு சாமானும் வேண்டக்கூடாது எண்டு ஜேர்மனி ஐயா எழுதினவராம்.”

சொதி கொதித்து வழிய, புஸ்பவதி அடுப்பைக் குறைத்தாள்.

எழுதினவர்தான். வரிக் கணக்குப் பார்க்கிற ஜேர்மன்காரன் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டான்: பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவே இல்லை. தோட்டத்து வாசலில் இருந்து இந்தப் பக்கம் எல்லாம் என் பொறுப்பு என்று மலிவு பேசிக் கிழங்கை வாங்கின மனிசன், அந்தப் பற்றுச்சீட்டுச் சட்டத்தை அப்படியே மொழிபெயர்ப்பித்து நிக்கராகுவாவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே மோட்டார் சைக்கிளில் டீசல் விற்கிறவனுக்கு ஜேர்மன் சட்டம். இங்கே லொறிக்குக் கோயில் கலண்டர். இரண்டு பக்கமும் சுத்தமான மனிசன். புஸ்பவதிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் வேணும்போல இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கவும் வேணும்போல இருந்தது.

“பிள்ளை, சொல்லு,” என்றாள். “வேண்டச் சொல்லு. என்ன விலையெண்டாலும். குவிட்டுங் வேண்டாம். ஐயான்ர மனிசி சொன்னது எண்டு சொல்லு.”

“புஸ்பம், நீர் விளங்காமல்...”

“என்ன விளங்காமல்? கணக்குக்காரன் வந்து கேட்டா என்னட்டை விடுங்கோ. கிழங்கு அழுகிப்போனா அதுக்கு ஆர் உங்களுக்குக் குவிட்டுங் தாறது?”

பிரபாலினி ஏற்கெனவே போனுக்குள் கதைக்கத் தொடங்கியிருந்தாள். அரை மணித்தியாலம் கழிய ஒரு படம் வந்தது: இருட்டில் ஒரு வெள்ளைக் கான், அதைப் பிடித்திருந்த தடித்த விரல்கள், பக்கத்தில் பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற மோட்டார் சைக்கிள்காரன். உருத்திரமூர்த்தி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆறின இடியப்பத்தைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் லொறி எல்லையைத் தாண்டியது. வில்மர் கொஸ்தாரிக்காவின் நல்ல தார் றோட்டைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். உருத்திரமூர்த்தி அதைக் கடைக்காரச் சூசைதாசனுக்கும் அனுப்பினார். “என்னடாப்பா, வெறும் றோட்டை அனுப்பிறாய்?” என்று அவன் போன் எடுத்துக் கேட்டபோது, “நல்ல றோட்டு, பார்” என்றார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை வேறு செய்தி. துறைமுகத்துக்கு இறங்குகிற மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்து பொலிஸ் பாதையை மூடிவிட்டது. வில்மர் மலையடியில் நிற்கிறான். விடிய மண்ணை அள்ளினால் திறப்பார்களாம். துறைமுகக் கேற் அங்கத்தைய மத்தியானம் மூடும். பானில் இருந்து மகள் போனில் சொல்லிவிட்டு, “இந்தப் பாதை இப்பிடித்தான் அப்பா, வருசத்தில எத்தனையோ தரம் மூடும்” என்றாள். இந்த முறை அத்தியாயம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புஸ்பவதிக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. சலவைத் தொழிற்சாலைக்குப் போக உடுத்து ஆயத்தமாக நின்றாள். ஹனோவரில் பன்னிரண்டு ஆனதும் போன் அடித்தது. மேசையில் இடமில்லை என்று அவர் அதைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே சார்ஜில் போட்டிருந்தார்.

“குறூகர்,” என்றார். “ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறன். சும்மா ஏன் நம்பிக்கொண்டிருப்பான்?”

வலக்கையை நீட்டினார். அது பாதி வழியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பி, நுனிக்காலில் எழும்பி, இடக்கையால் எட்டினார். எட்ட முன்பே புஸ்பவதி போனை எடுத்துவிட்டாள். அவள் யோசித்துச் செய்யவில்லை. கை போன பிறகுதான் மனம் போனது.

“குறூகர் ஐயா, நான் அவற்றை மனிசி. அவர் வேலைக்கு வரமாட்டார்.”

அவளுடைய ஜேர்மன் சலவைக்காரப் பெண்களிடம் படித்த ஜேர்மன். நேராகத்தான் போகும், வளைவு நெளிவு இல்லை.

“அதை அவரே சொல்லட்டுமே,” என்றார் குறூகர்.

“அவர் வாறன் எண்டுதான் சொல்லுவார். அதுதான் நான் கதைக்கிறன்.”

பாக்டரிச் சத்தத்துக்குள் குறூகர் மெதுவாகக் கேட்டார். “தோள் எப்பிடி?”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். என்ரை இடுப்பும் அதே கதைதான். சரி. நான் வேற ஆளைப் போடுறன். அவருக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லுங்கோ.”

போனை வைத்தாள். உருத்திரமூர்த்தி சுவரோடு சாய்ந்து நின்றார்.

“லொறி மலையடியில நிக்குது, புஸ்பம்.”

“நிக்கட்டும்.”

“கப்பல் போனா?”

“போகட்டும். கப்பல் போனாலும் உங்கட தோள் இதே தோள்தானே?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டனீரோ?”

“கேட்டிருந்தாப் போயிருப்பியள்,” என்றுவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இனி வீட்டுக்கு அவளுடைய சம்பளம் மட்டும். அது அவளுக்கு நல்லாய்த் தெரிந்துதான் இருந்தது.

அன்றைக்கு ஈரத்துணிக் கட்டுகள் வழக்கத்தை விடப் பாரமாக இருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். மெசினில் இருந்து இழுத்து வண்டிலில் போட்டு, திரும்ப இழுத்து. பக்கத்து மேசை போலந்துக்காரி ஏதோ கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள். இடைவேளை மணி அடிக்க வெளியே வந்தால், சிகரெட் குடிக்கிற இடத்தில் உருத்திரமூர்த்தி நின்றார். ட்ராமில் வந்திருக்கிறார். மேற்சட்டைப் பொத்தான் இரண்டு மாறிப் பூட்டியிருந்தது.

“என்னப்பா?”

“லொறி துறைமுகத்துக்கு உள்ளுக்குப் போட்டுது. கேற் பூட்ட முன்னம் போட்டுது. பிள்ளை இப்பதான் போன் எடுத்தவள்.” மூச்சு வாங்கினார். “கப்பல் இன்னும் கரைக்கே வரேல்லையாம். கடலிலை வரிசையிலை நிக்குதாம்.”

“கப்பலுமோ?”

“கப்பலும்தான். நான் இவ்வளவு நாளும் விழுந்தடிச்சனான், அது ஆறுதலா நிக்குது.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் பூட்டினாள். சிகரெட் குடித்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

“இன்னொண்டு,” என்றார் தயங்கி. “வில்மர் கேட்டவனாம், இங்க வந்தாப் பெட்டியை ஆர் இறக்கிறது எண்டு. ஆயிரத்துக்கு மேலை பெட்டி. ஒவ்வொண்டும் ஒரு சின்னப் பிள்ளையின்ரை பாரம். நான் அதை யோசிக்கேல்லை.”

இது இந்த மனிசனுக்கே உரிய விசயம். ஒரு கடலைத் தாண்டி, இரண்டு நாட்டைத் தாண்டி யோசித்துவிட்டு, பெட்டியைத் தூக்கத் தனக்குத் தோள் இல்லை என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டிருக்கிறார்.

“நீங்கள் வானை ஓட்டுங்கோ. கடைக்காரரோட கதையுங்கோ. பெட்டியிலை மட்டும் கை வைக்கப்படாது.”

“அப்ப ஆர் தூக்கிறது?”

“உள்ளுக்கை பாருங்கோ. ஆறு பெண்டுகள் நிக்கினம். நாள் முழுக்க ஈரத்துணி தூக்கிற கை. கப்பல் வந்தாப் பிறகு ஒரு சனிக்கிழமை வருவினமோ எண்டு கேக்கிறன்.”

“அதுகளுக்கு என்ன குடுக்கிறது?”

“சாப்பாடும் ஆளுக்கொரு பெட்டிக் கிழங்கும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்தி, கப்பல் வந்தாப் பிறகு ஒரு சனிக்கிழமை பெட்டி தூக்க ஆர் வாறியள் என்று கேட்டாள். என்ன பெட்டி என்றாள் போலந்துக்காரி. மரவள்ளிக் கிழங்குக்கு ஜேர்மனில் என்ன சொல்வது என்று புஸ்பவதிக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து இவ்வளவு நீளம் என்று காட்டினாள், பிறகு வட்டமாகப் பிடித்து இவ்வளவு மொத்தம் என்று காட்டினாள். பெண்கள் அவளுடைய கையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு ஆறு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வண்டில் ஒன்று உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.

“நான் வாறன்,” என்றாள் போலந்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் உருத்திரமூர்த்தி இன்னும் போகாமல் நின்றார். உள்ளே என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவரும் சிரித்துக்கொண்டு, இடக்கையை உயர்த்தி எல்லாருக்கும் வணக்கம் காட்டினார்.