இரண்டாவது பிரிவு

கமராவில் எடுத்த படத்தைத் திரையில் காட்டி, புண் ஆறிவிட்டது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். தாதி ஜெயந்தினி அதைத் தமிழில் சொன்ன பிறகும் ஜீவராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பெருங்குடலாம். குழந்தையின் வாய்க்குள் இருப்பதுபோல இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது.

டயகமத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். இரண்டு வருடமாக இரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. மலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்க இடம் தேடி ஓடுவாள். மூலம் என்றார்கள் தோட்டத்தில். கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் பெருங்குடலில் புண் என்று தெரிந்தது. கட்டுப்படாவிட்டால் குடலையே எடுக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார்கள். அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது; அதில் சேர்கிறாயா என்று கேட்டார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். மற்றதற்கு மாத்திரையோடு, ஆசனவாய் வழியாக ஏற்றும் திரவ மருந்தும். எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

கணவன் கந்தப்பனுக்கு இது பிடிக்கவில்லை. "ஒன்ன வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களா?" என்று கேட்டான். இரண்டுமே ஏற்கெனவே எல்லோருக்கும் கொடுக்கிற மருந்துதான், வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம் என்று ஜெயந்தினி விளக்கியதை அவள் சொன்னாள். சேர்ந்துவிட்டு, மாத்திரை மட்டும் விழவேண்டுமென்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். விழுந்தது மற்றது.

லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒற்றைக் காம்பிரா; பிள்ளைகளும் அந்த ஓர் அறைக்குள்தான். படுக்கப்போகுமுன் மருந்தை ஏற்றிக்கொண்டு இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கவேண்டும். வெட்கத்தில் அழுதாள், விலகிவிடுகிறேன் என்றாள்.  மறுநாளிலிருந்து கந்தப்பன் அந்த நேரத்தில் பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, பனியில் உட்கார்ந்து கதை சொன்னான். அவனுக்குக் கதை ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததையெல்லாம் அவன் கதையாகக் கட்டிவிடுவதைக் கேட்டபடி உள்ளே கிடப்பாள். மெல்ல மெல்ல இரத்தம் நின்றது.

இப்போது, டொக்டரிடம் ஒன்று கேட்கும்படி ஜெயந்தினியிடம் சொன்னாள்.

"இந்த ரெண்டு பிரிவுல எந்தப் பக்கத்து ஆளுகளுக்கு நல்லா வேல செஞ்சிச்சு, மிஸ்?"

"எல்லாரும் முடிச்சாத்தான் தெரியுமாம். ஒங்களுக்கு நல்லாயிருச்சு. ஆனா மருந்த விட்றாதீங்க, திரும்ப வந்துரும்."

வெளியே கந்தப்பன் காத்திருந்தான்.

"கொடல எடுக்க வேணாமாங்க," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, துவாயால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ் கம்பளையைத் தாண்டுமுன்பே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். கினிகத்தேனையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். திறந்த ஜன்னலில் தூறல் அடித்து அவன் தலைமயிர் நனைந்தது. அவள் தோளை அசைக்காமல், ஒரு கையை மட்டும் நீட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.