படியிறங்கும் வித்தை

சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய சந்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அபுபக்கர், சொந்த ஊரில் சாமான் வாங்க மாட்டார். தெரிந்த முகத்திடம் பேரம் பேச முடியாது. பேரம் பேசாமல் வாங்கிய பொருளோ, வீட்டுக்கு வந்து பத்து வருஷமானாலும் அவருக்குக் கடைக்காரனுடையதாகவே தோன்றும். அதனால் மிக்சியோ மின்விசிறியோ, பஸ் ஏறிக் கடலூர் போய்த்தான் வாங்குவார்.

அப்படி வாங்கி வந்ததுதான் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய டிவி. முதுகு புடைத்தது, நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது. அதோடு ஸ்டெபிலைசர், சுவர்க்கடிகாரம், எவர்சில்வர் தம்ளர் எல்லாம் இனாமாகக் கறந்து வந்த கதையை அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. குவைத்திலிருக்கும் மகன் ஆசிக், "அத்தா, அத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று போனில் மன்றாடினால், "கெலிச்ச கப்பை எவனாச்சும் பழைய இரும்புக்குப் போடுவானாடா?" என்பார்.

ஆனால் கேபிளில் படம் அடிக்கடி உறைந்தது. செய்தி வாசிக்கும் பெண் வாயைத் திறந்தபடியே நிற்பாள். இவர் சாப்பிட்டு, கைகழுவி வந்தாலும் மூட மாட்டாள். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். டிவி இருக்கட்டும். இன்டர்நெட்டில் படம் காட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் வாங்கி மாட்டிவிடலாம். ஆசிக்கோடு முகம் பார்த்துப் பேச இன்டர்நெட் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

மருமகள் முபீனாவையும் கடலூருக்குக் கூட்டிப் போனதற்கு வேறு காரணம். மார்கழி தரிசனக் கூட்டத்துக்கு முன்னால் சென்னை பாரிமுனையில் கடைக்குச் சரக்கெடுக்க வேண்டும். மொத்தக்கடைகளின் செங்குத்துப் படிகளை அவர் முழங்கால் இனி ஏறாது; யாரையாவது அனுப்பியாக வேண்டும். தங்கை மகன் உசாமா தயாராக இருந்தான். அவனுக்கு வாய் உண்டு, அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. முபீனாவோ வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "நான் போறேன் மாமா."

கிள்ளையில் வாத்தியார் வீட்டுப் பெண். ஒட்டியிருக்கும் விலையைப் படித்து, அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற குடும்பம். இவளைக் கொள்முதலுக்கு அனுப்புவதும் கடையை மொத்த வியாபாரிக்கு எழுதி வைப்பதும் ஒன்றுதான். அவள் சாமான் வாங்கும் லட்சணத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் மறுக்கச் சுலபமாக இருக்கும் என்பது அபுபக்கரின் கணக்கு.

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் இருந்தன. முதலாளி செந்தமிழ்செல்வனுக்கு முப்பது வயதிருக்கும். நாலைந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அபுபக்கர் பெட்டியைக் கையில் வாங்கி, முகத்தைச் சுளித்தார்.

"இதானா தம்பி? சோப்பு டப்பா கணக்கா இருக்கு."

"சின்னதா இருந்தாத்தான் பாய் வெல ஜாஸ்தி."

அபுபக்கர் பாதி விலையைச் சொன்னார். செந்தமிழ்செல்வன் சிரித்தான். "பிக்ஸட் ரேட்டு பாய். ஆன்லைன்லயும் இதே வெலதான், வேணா போன்ல பாருங்க."

"அப்ப வேணாம்" என்று அபுபக்கர் கிளம்பினார்.

படியிறங்குவது ஒரு வித்தை. வேகமாக இறங்கினால் கடைக்காரன் தலைமுழுகிவிடுவான், ரொம்ப மெதுவாக இறங்கினால் வேஷம் தெரிந்துவிடும். நடுவில் ஒரு படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும். அதற்குள் "பாய், இங்க வாங்க" என்று குரல் வரும். முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவது குரலுக்குத்தான், அதுவும் சலித்துக்கொண்டு. அபுபக்கர் இந்த வித்தையாலேயே ஒரு கடையை நிமிர்த்தியவர்.

இன்று இடது செருப்பைச் சரிசெய்தார். குரல் வரவில்லை. வலது செருப்பையும் சரிசெய்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடிக் கதவு ஒரு சத்தத்தையும் வெளியே விடாது என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் உள்ளே ஒருவனும் இவர் பக்கம் பார்க்கவில்லை. முபீனா மட்டும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே வந்து, "குடைய வெச்சிட்டுப் போயிட்டேன்" என்றார். குடை கையில் இருந்தது.

"எந்த டிவிக்கும் வருமாண்ணே?" என்று கேட்டாள் முபீனா.

"எந்த டிவியா இருந்தாலும் வரும்மா."

"எங்களுது பழசு."

"எத்தினி பழசா இருந்தா என்னா? நம்ம கடைல வாங்கிட்டு ஓடலன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது!" சுற்றி நின்றவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை ஏற்றினான்.

"எங்க வூட்டுக்காரு குவைத்துல இருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்." செல்போனை வாய்ஸ் மெசேஜுக்கு அழுத்தி அவன் முன்னால் நீட்டினாள்.

கூட்டம் பார்க்கிறது; அவன் தொண்டையைச் செருமினான். "சார், கடலூர்லேந்து செந்தமிழ்செல்வன் பேசறேன். உங்க வூட்ல எந்த டிவி இருந்தாலும் நம்ம பாக்ஸ் ஓடும். ஓட வெக்கிறது என் பொறுப்பு!"

மெசேஜ் போய்ச் சேர்ந்தது. முபீனா அதன்பிறகுதான் டிவியின் முதுகைப் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள்.

செந்தமிழ்செல்வன் முகத்தில் குளிர்காற்றையும் மீறி வேர்த்தது. "இதுல இந்த ஒயரைச் சொருகற எடமே இல்லியேம்மா. கன்வெர்ட்டர்னு தனியா ஒண்ணு..."

"அப்டிங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க." குரலில் குத்தலே இல்லை. பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வெல நீங்க சொன்னதுதான். ஒரு ரூபா கொறைக்கச் சொல்லல."

அபுபக்கரின் கை பணத்தைத் திரும்ப எடுக்க நீண்டது. முழு விலை! ஆனால் அடுத்த நொடி கடைக்காரன் முகத்தைப் பார்த்தார். விலைக்குச் சண்டை போடத் தயாராக நின்ற மனுஷனிடம் விலையை விட்டுவிட்டாள். சண்டை போட அவனுக்கு எதுவும் மிச்சமில்லை. நாலு பேர் கேட்ட வார்த்தைதான் இருந்தது. கன்வெர்ட்டர், ஒயர், கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து மாட்டும் கூலி எல்லாம் அவள் பைக்குள் வந்தாகிவிட்டது. ஸ்டெபிலைசரும் தம்ளரும் இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

ஞாயிற்றுக்கிழமை செந்தமிழ்செல்வன் தானே வந்தான். டிவிக்குப் பின்னால் குந்தி, தும்மி, எதையெதையோ சொருகினான். திரை நீலமாக நடுங்கி, பிறகு தெளிந்தது. ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன, எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன.

"படிக்க முடியாது பாய். அதுக்குத்தான் அம்பத்தஞ்சு இஞ்சுல..."

"ரிமோட்ல பேசலாமில்லண்ணே?" என்று முபீனா அதை மாமனார் கையில் கொடுத்தாள்.

அபுபக்கர் சந்தேகத்தோடு வாயருகே கொண்டுபோனார். "மீன் ஏலம் காட்டு."

காட்டியது. முதலில் ஏதோ ஒரு கடற்கரையின் வஞ்சிரம் ஏலம். அடுத்து ஜப்பானில் ஆள் உயரச் சூரை மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தி, விரல்களால் விலை பேசினார்கள். பாஷை புரியவில்லை, பேரம் ஒவ்வொன்றும் புரிந்தது. "பாரு, அந்தத் தொப்பிக்காரன் வேணாங்கற மாதிரி நிக்கறான், அவன்தான் தூக்குவான்!" அவன்தான் தூக்கினான். உலகத்துச் சந்தையெல்லாம் இந்தச் சோப்பு டப்பாவுக்குள்ளேயா? "அடேயப்பா" என்றார் அபுபக்கர், வாங்கிய பொருளைப் பற்றி வாழ்நாளில் முதல்முறையாக, கடைக்காரனை வைத்துக்கொண்டே.

செந்தமிழ்செல்வன் டீ குடித்துவிட்டுப் போனான். அபுபக்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பாரிமுனைக்கு நீயே போ முபீனா. என்னென்ன எடுக்கணும்னு நான் சொல்றேன்."

"நீங்க சொல்றதத்தான் எடுக்கணும்னா உசாமாவே போவட்டும் மாமா. நான் போனா, எதை எடுக்கறதுன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன்."

"அதெப்புடி? இத்தினி வருஷமா வளையலு எது ஓடும், கிளிப்பு எது ஓடும்னு எனக்குத் தெரியாதா?"

"சரிங்க மாமா." டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். வேகமும் இல்லை, ரொம்ப மெதுவும் இல்லை. வாசற்படியில் நின்றாள். கோணலாகவே இல்லாத கால்மிதியைக் காலால் நேராக்கினாள்.

அபுபக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே கண்ணாடிக் கதவு இல்லை. அவர் முழங்கால் பாரிமுனைப் படிகளை ஏறப்போவதும் இல்லை. கூப்பிட வேண்டியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

"முபீனா."

அவள் திரும்பவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முபீனா, இங்க வாம்மா. உன் இஷ்டப்படியே எடு."