நீவெஸ் என்று எழுதியவர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளுக்கும் சேர்த்து ஓட்டு நடந்த அந்த ஜூன் சனிக்கிழமை, எந்த நாட்டைப் பற்றியும் நீவெஸுக்குக் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது, அதே நாளில் ஓட்டு நடந்த இத்தாலியின் பியெமோந்தே மாகாண சபையில் ஒரே ஒரு நாற்காலி. மலைக்குப் போகிற சின்ன ரயிலை அந்தச் சபை நிறுத்தியதிலிருந்து, சந்தையில் அவளுடைய காய்கறிக் கடை ஈயடித்தது. ரயிலுக்குப் பதிலாக ஓடிய பஸ்களோ வக்கீல் எர்சிலியாவின் புருஷனுடையவை. அந்த எர்சிலியாவும் இவளோடு அதே கட்சிப் பட்டியலில் நின்றாள். கட்சிக்கு ஒரு இடம் கிடைத்தாலே பெரிது. யார் பெயரை அதிகம் பேர் எழுதுகிறார்களோ, அந்த இடம் அவளுக்கு.

“சண்டை எதுக்கு? ஓட்டுச் சீட்டுல ரெண்டு பேரோட பெயரை எழுதலாம். எழுத்து வரிசைப்படி முதல்ல நான், அப்புறம் நீ. என் ஆளுங்களும் அப்படியே எழுதுவாங்க” என்று எர்சிலியா சொன்னதை நம்பி, நீவெஸும் தன் ஆட்களிடம் அப்படியே சொல்லிவைத்தாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

மாலையில் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றபோது, ஓட்டுச்சாவடித் தலைவரான வாத்தியார் முன்னால் நின்ற கிழவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேர் எழுதினா ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளையா இருக்கணும். ரெண்டும் பொம்பளைன்னா ரெண்டாவதை அடிச்சிடுவோம்.”

அந்த இரண்டாவது பெயர் நீவெஸுடையது. வக்கீலுக்குத் தெரியாத சட்டமா இது? படுபாவி!

வாசலில் எர்சிலியா நின்றிருந்தாள்.

“தெரிஞ்சேதானே செஞ்சே?”

“சாவடி வாசல்ல பிரச்சாரம் பண்ணாதே, நீவெஸ். போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க வக்கீலம்மா. உங்க பஸ்லயே ஏறி வரட்டும்!”

ஞாயிறும் ஓட்டு உண்டு. வீட்டுக்கு வந்து போனை எடுத்தவள் ஞாயிறு மத்தியானம்வரை கீழே வைக்கவில்லை. “அவ பேரை எழுதாதீங்க. என் பேர் மட்டும் போதும். என் பேர் மட்டும்!”

“உன் பேரை மறப்போமா?” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கள் பிற்பகல் எண்ணிக்கை. வாத்தியார் சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: “நீவெஸ்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது, “நீவெஸ்.” அதற்கடுத்தது, “சந்தை நீவெஸ்.” ஆனால் மூன்றையும் அவர் தனியாக ஒதுக்கினார்.

“ஏன் வாத்தியாரே?”

“குடும்பப் பெயர் இருக்கணும்மா. பட்டியல்ல நீ ஜோர்தனெங்கோ. வெறும் நீவெஸ் செல்லாது. கட்சிக்கு ஓட்டு உண்டு, உனக்கு இல்லே.”

இருபது வருஷமாக அவள் கடையின் கூரைத் துணியில் எழுதியிருந்தது ‘நீவெஸ்’ மட்டும்தான். அந்த அறையில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர் அப்படி எழுதியிருந்தார்கள். ஊரில் மற்ற அறைகளிலும் அதே கதைதான். வக்கீலின் ஆட்களோ குடும்பப் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். நாற்காலி எர்சிலியாவுக்குப் போனது.

“ஊரே உன்மேல உசிரா இருக்கு, நீவெஸ்” என்றாள் அவள், கைப்பையை மாட்டிக்கொண்டே.

மறுநாள் சந்தையில், பக்கத்துக் கடையில் பால்கட்டி விற்கும் செவெரினோ பல்லெல்லாம் தெரிய வந்தான்.

“ஜெயிச்சிட்டியா? நான் உன் பேரைத்தான் எழுதினேன்!”

“என் பேர் என்னடா?”

“என்ன கேள்வி இது? நீவெஸ்!”

கையிலிருந்த வெங்காயத்தை அவன்மேல் விட்டெறிந்தாள். “ஜோர்தனெங்கோடா, மடையா! ஜோர்தனெங்கோ!”

செவெரினோ குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான்: “அது யாரு?”