முக்கியப் புள்ளியைச் சுடுவது யார்?

லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் போன் எடுப்பவளை எல்லோரும் போன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேனேஜர் மட்டும் "என்னம்மா" என்பார். எந்தக் கட்டடத்து லிப்டுக்குள் யார் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாலும் அது அவள் மேசையில்தான் வந்து அலறும். "பதறாதீங்க. உள்ள காத்து வரும். கதவ நெம்பாதீங்க. ஆள் கிளம்பியாச்சு." இந்த நான்கையும் அவள் சொல்லுகிற பதத்தில், ஆள் இன்னும் டீயை ஊதிக்கொண்டிருந்தால்கூட உள்ளே இருப்பவருக்குப் போன உயிர் திரும்பிவிடும்.

அவளுக்கு வாய்த்தது மாலை ஷிப்ட். வேலை முடிந்து அவள் வீட்டுக்கதவைத் திறக்கும்போது மகள் தூங்கிப்போயிருப்பாள். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது இவள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் தபால்காரன்," என்று புருஷன் அலுத்துக்கொள்வான். "அவ கேட்டத உன்கிட்ட சொல்றேன், நீ சொன்னத அவகிட்ட சொல்றேன். நெத்தியில ஸ்டாம்பு ஒட்டுறதுதான் பாக்கி."

பகல் மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதும், அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி அவள் மேனேஜரிடம் கேட்டாள். "பாக்கலாம்மா," என்றார். அதையே இன்னொருவனும் கேட்டிருந்தான். அவன் ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் இருப்பவன். மேனேஜர் மனைவியின் தம்பி. அவர் அவனை வாய்க்கு வாய் மச்சான் என்று கூப்பிடப்போய், ஆபீஸ் முழுக்க அவனுக்கு அதுவே பேராக நிலைத்துவிட்டது. தரை பெருக்க வருகிற அம்மாகூட "மச்சான், கால கொஞ்சம் தூக்குங்க" என்பாள். ஜன்னல் இல்லாத அறையில் கிரீஸ் வாசனையோடு உட்கார்ந்து தன் இளமை வீணாகிறது என்பது அவன் குறை.

இப்படி இருக்கையில்தான் மேனேஜர் எங்கோ எதையோ படித்துவிட்டு, ஒற்றுமை வளர்வதற்காக எல்லோரையும் ஒரு சனிக்கிழமை லேசர் துப்பாக்கி விளையாட்டுக்கு அழைத்துப்போனார்.

வேனில் ஏறியதும் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "இன்னிக்கு நான் மேனேஜர் இல்ல. உங்கள்ல ஒருத்தன். தயங்காம சுடுங்க. அப்புறம் ஒண்ணு. யார் எப்படி ஆடுறாங்கன்னு பாத்துட்டுத்தான் பகல் டெஸ்க் யாருக்குன்னு முடிவு பண்ணப்போறேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். முன்னே சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பின்னே சொன்னதைப் போன் அக்கா மட்டும் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மச்சான் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினான்.

அந்த இடம் முன்பு ஏதோ கிடங்காக இருந்திருக்க வேண்டும். உள்ளே சுவர் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், ஒட்டுப்பலகைத் தடுப்புகள், காலி டிரம்கள், ஊதா விளக்கு, மூக்கை அரிக்கும் புகை. கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஓர் ஆள் எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். போன் அக்காவுடையதை மட்டும் விட்டுவைத்தார். ஆபீஸ் அழைப்புகள் எல்லாம் அன்று அதற்குத்தான் திருப்பிவிடப்பட்டிருந்தன. பிறகு ஆளுக்கொரு ஜாக்கெட்டும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் கொடுத்தார். ஜாக்கெட்டின் மார்பிலும் முதுகிலும் விளக்குகள் இருந்தன. அதன் மேல் சூடு பட்டால் ஜாக்கெட் உதறும், விளக்கு அணையும், சற்று நேரம் கழித்து மறுபடி எரியும். எரிந்தால் மறுபடி சுடலாம், சுடப்படலாம்.

முதலில் சாதாரணக் குழு ஆட்டம். சிவப்பு அணி, நீல அணி. எதிராளியைச் சுடச்சுடப் புள்ளி. மேனேஜரும் மச்சானும் டிரைவரும் சிவப்பு. போன் அக்காவும் கணக்கரும் மெக்கானிக்குகளும் நீலம். மெக்கானிக்குகளில் மூத்தவனுக்கு மூணாவது என்று பேர். எந்த லிப்ட் நின்றாலும், பார்ப்பதற்கு முன்பே "மூணாவது மாடி சென்சார்தான்" என்று சொல்லிவிடுவான்.

ஆட்டம் முடிந்ததும் விசில்காரர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், உங்களுக்கு ஒரு அடிகூட விழல. சின்னப் பசங்க வந்தாக்கூட பத்து இருபது விழும். ஜாக்கெட் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன்."

"கெட்டுப்போகல தம்பி. யாராலயும் தொட முடியல," என்று மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம். யாராவது ஒருத்தர் சாரச் சுடுங்க, சும்மா டெஸ்ட்டுக்கு."

ஹாலில் புகைகூட நகராமல் நின்றது. ஒருவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. "என் துப்பாக்கி சரியா வேலை செய்யலங்க," என்றான் மூணாவது.

"அக்கா சுடட்டுமே, அக்காவுக்கு நல்ல குறி," என்றான் மச்சான்.

"ஐயோ, எனக்கு இதுல எதை அமுக்கணும்னே தெரியாதுப்பா," என்று போன் அக்கா துப்பாக்கியைப் புடவைத் தலைப்பால் மூடாத குறையாகப் பின்னால் ஒளித்தாள். முதல் ஆட்டம் முழுக்க டிரைவரை ஓட ஓட விரட்டிச் சுட்டவள் அவள்தான்.

கடைசியில் விசில்காரரே சுட்டார். ஜாக்கெட் உதற, மேனேஜர் துள்ளிவிட்டார். எல்லோரும் விசில்காரரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "பாத்து தம்பி, வயசானவர்," என்றான் மச்சான். அந்த 'வயசானவர்' மேனேஜருக்கு ரசிக்கவில்லை என்பதைப் போன் அக்கா கவனித்து, மனதில் தனக்கு ஒரு புள்ளி போட்டுக்கொண்டாள்.

அடுத்தது கொடி பறிக்கும் ஆட்டம். எதிரணியின் கொடியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடிவர வேண்டும். நீல அணியினர் தங்கள் கொடியை மேனேஜர் தேடி அலைவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தாங்களே எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். மேனேஜர் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் "எல்லாருக்கும் நன்றி, உக்காருங்க" என்றார்.

மூன்றாவது, தொற்று ஆட்டம். ஒருவர் பேய். அவர் சுட்டால் சுடப்பட்டவரும் பேய். கடைசிவரை மனிதனாகத் தப்பித்து நிற்பவர் வென்றவர். மேனேஜரைப் பேயாக்கினார்கள். விசில் ஊதியதும் யாரும் ஓடவில்லை. பேயாவதற்கு வரிசையில் நின்றார்கள். அதுவும் சர்வீஸ் முறைப்படி: முதலில் கணக்கர், பிறகு மூணாவது, பிறகு டிரைவர். போன் அக்கா தன் முறைக்குக் காத்திருக்கையில் மச்சான் குறுக்கே புகுந்தான்.

"எனக்கு அப்புறம் சேந்தவன் நீ. பின்னாடி போ."

"பேயாகுறதுக்குமா சீனியாரிட்டி?"

"எல்லாத்துக்கும்தான்."

மேனேஜர் ஒவ்வொருவராகச் சுட்டு, "அடுத்து, அடுத்து" என்றார். விசில்காரர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைசி ஆட்டத்தை அவர் சலிப்போடுதான் விளக்கினார். சிவப்பு அணியில் ஒருவர் முக்கியப் புள்ளி. அவர் ஜாக்கெட் மட்டும் தங்க நிறத்தில் எரியும். சிவப்பு அவரைக் காக்க வேண்டும். நீலம் அவரைச் சுட வேண்டும். மற்றவர்கள் செத்துச் செத்துப் பிழைக்கலாம், முக்கியப் புள்ளிக்கு ஓர் உயிர்தான். அவர் விழுந்ததும் சங்கு ஊதும், விளக்குப் போடுவார்கள், ஆட்டம் முடியும்.

"முக்கியப் புள்ளி யாருன்னு நீங்களே..." என்று ஆரம்பித்தவர், கைகள் நீளும் திசையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசவில்லை.

விசில் ஊதியது. சிவப்பு அணி மேனேஜரை ஒரு டிரம்முக்குப் பின்னால் உட்காரவைத்துச் சுற்றி நின்றது. நீல அணி பாய்ந்து வந்தது. வந்து, சிவப்பு அணியைச் சுற்றி இன்னொரு வளையமாக நின்றது. ஹாலில் சுடுவதற்கு ஆள் பாக்கி இல்லை. இருந்தாலும் எல்லோரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நாலாபுறமும் உற்றுப்பார்த்தார்கள். போன் அக்கா வளையத்தின் ஓரத்தில், மேனேஜர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

அப்போதுதான் அவள் கைப்பேசி அதிர்ந்தது.

"லிப்ட்டு நின்னுபோச்சுங்க," என்றாள் ஒரு பெண். "நானும் என் பொண்ணும் உள்ள இருக்கோம்." கட்டடத்தின் பேரைச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளித்தான். பிறகு போன் சின்னக் கைக்கு மாறியது. "ஆன்ட்டி, எனக்கு ஒண்ணுக்கு வருது."

"பதறாதம்மா. உள்ள காத்து வரும். கதவ நெம்பாத. ஆள்..." போன் அக்கா நிறுத்தினாள். ஆள் அவளுக்கு ஒரு கை தூரத்தில், மேனேஜருக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான். "எந்த கிளாஸ் படிக்கிற கண்ணு?"

"ரெண்டாங் கிளாஸ்."

மகளும் அதே வகுப்புதான்.

"மூணாவது! லிப்ட்ல ஒரு அம்மாவும் பொண்ணும் மாட்டிக்கிட்டாங்க. கிளம்பு!"

"யாரும் நகராதீங்க!" என்று மச்சான் கத்தினான். "நம்மளக் கலைக்கப் பாக்குது!"

வளையத்துக்குள்ளிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "சபாஷ்மா! இப்படித்தான் யோசிக்கணும்!"

"விளையாட்டு இல்ல சார், நிஜமாவே மாட்டிக்கிட்டாங்க!"

"கேட்டீங்களா? நிஜம் மாதிரியே சொல்றா பாருங்க!"

அவள் மூணாவதின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "டேய், சத்தியமா சொல்றேன்டா."

"நான் நகந்தா ஓட்டை விழுதுக்கா," என்று அவன் கெஞ்சினான்.

"நீ நீல டீம்டா!"

"அது தெரியுதுக்கா. ஆனா சார் பாக்குறாரே."

காதோரம் கைப்பேசியில், "ஆன்ட்டி, வர்றாங்களா?" என்றது குரல். அழுகை இன்னும் வரவில்லை, வாசலில் நின்றது. அவள் மகள் தூக்கத்தில் புரண்டு பேசும்போது வருகிற குரல் மாதிரி இருந்தது. விழித்திருக்கும்போது மகளின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். சட்டென்று காதுக்கு வரவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் பகல் டெஸ்க். பகல் டெஸ்க் அந்த டிரம்முக்குப் பின்னால் தங்க நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

மூணாவதின் கக்கத்துக்கும் டிரைவரின் தொப்பைக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. அவள் துப்பாக்கியை அதில் நுழைத்து அழுத்தினாள்.

தங்க விளக்கு அணைந்தது. சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "முக்கியப் புள்ளி வீழ்ந்தார். நீல அணி வெற்றி," என்று குதூகலமாகச் சொன்னது. பளீரென்று வெள்ளை விளக்குகள் எரிந்தன. மேனேஜர் டிரம்முக்குப் பின்னால் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வென்றவர்கள் கை தட்டவில்லை. கணக்கர்தான் முதலில் போய், "சாரி சார்," என்றார். பின்னால் மூணாவது நின்றான். வெற்றிபெற்ற அணி முழுவதும், சர்வீஸ் முறைப்படி, வருத்தம் தெரிவித்தது.

"சாரி அப்புறம் சொல்லலாம். நீ இப்ப கிளம்பு," என்று போன் அக்கா, வரிசையில் நின்ற மூணாவதைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். அப்புறம் கைப்பேசியில், "ஆள் கிளம்பியாச்சு கண்ணு," என்றாள்.

மூணாவது ஜாக்கெட்டோடு ஓடினான். ஜாக்கெட்டைக் கேட்டுக்கொண்டே விசில்காரர் பின்னால் ஓடினார். லிப்ட் கதவைத் திறந்ததும், மார்பெல்லாம் நீல விளக்கு மினுங்க நின்றவனைப் பார்த்து அந்தச் சிறுமி ஒண்ணுக்கு வந்ததையே மறந்துவிட்டாளாம். கோளாறு ஆறாவது மாடியில். அதை அவன் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பும்போது வேனில் மேனேஜர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மச்சான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். வீட்டுக்குப் போன போன் அக்கா, "பகல் டெஸ்க் போச்சு," என்று புருஷனிடம் சொன்னாள். "அவகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றான் தபால்காரன்.

ஆனால் மேனேஜருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. மாட்டிக்கொண்ட அந்தப் பெண், தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டு, இவ்வளவு சீக்கிரம் ஆள் வந்ததற்குப் பாராட்டிவிட்டாள். எப்படி நடந்தது என்று மேலிடம் கேட்டது. தன்னைத் தன் ஆபீஸ் போன்காரி சுட்டுவிட்டாள் என்று அவர் எந்த வாயால் சொல்லுவார்?

திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டினார். "அன்னிக்கு அந்த நெருக்கடியில என்ன நடந்ததுன்னு நிறைய பேருக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தார். "விஷயம் காதுல விழுந்த உடனே நான் முடிவெடுத்துட்டேன். ஆட்டத்த நிறுத்தணும். என்னைச் சுட்டாத்தான் நிக்கும். சரி, சுடட்டும்னு நான்தான் கண்ணக் காட்டினேன்."

"நான் பாத்தேன் சார்," என்றார் கணக்கர்.

"எனக்கும் தெரிஞ்சது," என்றான் மூணாவது. சம்பவம் நடந்தபோது அவன் முதுகு அவர் பக்கம் இருந்தது.

மேனேஜர் போன் அக்கா பக்கம் திரும்பினார். "என்னம்மா, காட்டினேன்ல?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இங்கே புகை இல்லை, இருட்டு இல்லை, கையில் துப்பாக்கியும் இல்லை. மகளின் குரலை நினைத்துக்கொண்டாள்.

"காட்டினீங்க சார்," என்றாள்.

"சொன்னத உடனே செய்யுற ஆள்தான் நமக்குப் பகல் டெஸ்குக்கு வேணும்," என்றார் மேனேஜர். மாலை மேசை மச்சானுக்குப் போனது. முதல் நாளே மாட்டிக்கொண்ட ஒருவரிடம், "படி இருக்கும்போது ஏன் சார் லிப்ட்ல ஏறினீங்க?" என்று கேட்டானாம்.

பகல் வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இனிமே தினமும் இப்படித்தான் வருவேன்."

மகள் அதை யோசித்தாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "நீ மேனேஜரச் சுட்டுட்டியாமே? அப்பா சொன்னாரு."

"அவருதான் சுடச் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"திங்கக்கிழமை."

"சுட்டது சனிக்கிழமைன்னு அப்பா சொன்னாரே?"

"ஆமா," என்றாள் போன் அக்கா. "என்ன படம் வரையுற, காட்டு."